தியாமத்: ஒரு தாய் டிராகன் ஆன கதை

காலேஜ் ஹாஸ்டல்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடினப்போ எனக்குத் தெரிஞ்ச தியாமத், ஐந்து தலை டிராகன் ராணி. வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்புன்னு தலைக்கு ஒரு நிறம். முழுக்க முழுக்கத் தீமை. 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல் புத்தகம்தான் அவளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது.

ஆனா அந்தப் பெயர் பாபிலோனியர்களோடது. ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்ட 'எனுமா எலிஷ்' என்ற படைப்புக் கதையில் தியாமத் உப்புக்கடல். கணவன் அப்சு நன்னீர். இரண்டும் கலந்துதான் தெய்வங்களே பிறக்கின்றன. பிள்ளைகள் போடும் சத்தம் தாங்காமல், அவர்களை அழித்துவிடலாம் என்கிறான் அப்சு. தடுத்துப் பேசியவள் தியாமத்! பிள்ளைகள் முந்திக்கொண்டு அப்சுவைக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் அவள் பாம்புகளையும் அரக்கப் பிறவிகளையும் உருவாக்கிப் போருக்கு எழுகிறாள்.

மார்துக் அவளைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளக்கிற மாதிரி இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதி வானம் ஆகிறது. அவள் கண்களிலிருந்து யூப்ரடீஸும் டைக்ரிஸும் ஓடுகின்றன.

இந்த மார்துக் யாரு? பாபிலோன் நகரத்தோட தெய்வம். புத்தாண்டு விழாவில் அவன் முன்னாடிதான் இந்தக் கதையைப் படிப்பாங்க. அதாவது ஜெயிச்சவன் கோயில் கதை. அதிலேயே தோற்றவளோட நியாயத்துக்கு இடம் இருந்தது.

விளையாட்டு பெயரை எடுத்துக்கிட்டு, கொலையான கணவனை விட்டுடுச்சு. கோபத்துக்கான காரணத்தை அழிச்சுட்டா, மிச்சம் இருக்கிறது வெறும் வில்லிதானே?