செவிக்கு ஒரு பரீட்சை

இசைப் பரீட்சை எழுதச் செல்லும் மாணவர் பலர் விரலையும் குரலையும் பழக்குவர், செவியைப் பழக்குவதில்லை. செவிக்கும் தேர்வு வைத்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் கர்வென். 1841-இல் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியாசிரியர்கள், பிள்ளைகளுக்குப் பாடக் கற்பிக்க எளிய வழி காணுமாறு அவரை வேண்டினர். அவரோ முறையாக இசை பயின்றவரல்லர். நாரிச் நகரத்து ஆசிரியை சாரா குளோவர் 1835-இல் வெளியிட்ட முறையை எடுத்துத் திருத்தியமைத்தார். அதில் 'டோ' என்னும் சுரம், நம் ஆதார சட்ஜம் போல, எந்தச் சுருதியிலும் நிற்கும்.

அவரது தேர்வில், ஆதார சுரத்தை உணர்த்தியபின் சில சுரங்களைப் பெயர் சொல்லாமல் பாடிக் காட்டுவர். மாணவர் அவற்றின் பெயரைக் கூறவேண்டும். இதற்கு ஆயத்தமாவது எங்ஙனம்? உயரத்தை அளக்க முயலாமல் குணத்தைக் கேட்கப் பழகுக என்றார் கர்வென். மெதுவாகப் பாடினால் டோ உறுதியாகவும், மீ அமைதியாகவும், லா துயரமாகவும், டீ ஊடுருவுவதாகவும் ஒலிக்கும். ஆசிரியத் தொழிலில் ஊறிய என்னை இம்முறை கவர்ந்ததற்குக் காரணம் உண்டு: பியானோ வாங்க வசதியற்ற ஆலைத் தொழிலாளரும் இதனைப் பயின்றனர். கருவியே வேண்டியதில்லை, ஒருவர் பாட மற்றவர் பெயர் கூறலாம், பின்னர் முறை மாற்றிக்கொள்ளலாம்.