பாம்பன் இருப்புப்பாதைப் பாலம்: கட்டுமானமும் மீட்டெடுப்பும்

முன்னுரை

பாலக் கட்டுமான வரலாறு பெரும்பாலும் பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மரத்திலிருந்து கல், கல்லிலிருந்து இரும்பு, இரும்பிலிருந்து எஃகு, பின்னர்க் கற்காரை என அது ஒரு நேர்கோட்டு வளர்ச்சியாகக் காட்டப்படுகிறது. கடற்பாலங்களைப் பொறுத்தவரை இப்பார்வை போதுமானதன்று. கட்டிய பாலம் சேதமுற்றபோது அதை மீட்க முடிந்ததா என்ற வினாவும் அவ்வரலாற்றின் பகுதியாகும். பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

இரு வேறு வடிவமைப்புகள்

தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் பாதையைத் தனுஷ்கோடி வரை நீட்டி, அங்கிருந்து கப்பல்வழி தலைமன்னாரை அடையும் திட்டத்தின் பகுதியாக 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சுமார் 2 கி.மீ. நீளமுடைய இப்பாலத்தில் இரு வேறு கட்டுமான முறைகள் இணைந்துள்ளன. ஒன்று, தலா 40 அடி நீளமுள்ள 145 கண்கள். மற்றொன்று, கப்பல்கள் கடந்து செல்வதற்கான தூக்குப்பாலம். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் வகுத்த உருளும் முறையில் அமைந்த இதன் இரு இறக்கைகளையும் பணியாளர்கள் நெம்புகோல்களைச் சுற்றிக் கையாலேயே உயர்த்தினர். தூக்குப்பாலமே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் பாலத்தின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்ததில் ஒரே அளவினவான சிறு கண்களுக்கும் சமபங்கு உண்டு.

1964: சேதமும் சீரமைப்பும்

1964 டிசம்பர் 22-23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்நகரை நெருங்கிக்கொண்டிருந்த பயணியர் இரயில் கடல் அலையில் சிக்கியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. தூக்குப்பாலம் நிலைத்து நின்றது.

சீரமைப்பிற்கு முதலில் ஆறு மாத காலம் குறிக்கப்பட்டது. பின்னர் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. பொறியாளர் இ.ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பணி முடிந்தது. இது தனிமனிதத் திறனின் சான்றாகவே நினைவுகூரப்படுகிறது. அத்திறன் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அது செயல்படுவதற்கான சூழலைக் கட்டுமானமே அளித்தது. தூண்கள் எஞ்சியிருந்தன. கண்கள் ஒரே அளவில் இருந்தமையால், கடலடியிலிருந்து எடுக்கப்பட்ட எந்தக் கர்டரையும் எந்தக் கண்ணிலும் பொருத்த இயன்றது. கர்டர்கள் கிடந்த இடத்தை அறிவதில் மீனவர்கள் தந்த தகவல் உதவியது. பொறியியல் வரலாறு இக்கடலறிவிற்கு ஒரு வரிக்கு மேல் இடமளித்ததில்லை.

புதிய பாலம்

மீட்டர் பாதையாக இருந்த பாலம் 2007-இல் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. உப்புக்காற்றால் ஏற்படும் அரிமானமே அதன் தொடர் சிக்கலாக இருந்தது. 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், தலா 18.3 மீ. நீளமுள்ள 99 கண்களும், செங்குத்தாக 17 மீ. உயரும் 72.5 மீ. நீளக் கண் ஒன்றும் உள்ளன. மனித உழைப்பின் இடத்தை மின்விசை பெற்றுள்ளது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் காப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. பழைய பாலத்தின் பராமரிப்பு அனுபவம் இங்கு வடிவமைப்பு விதியாகியுள்ளது எனலாம். ஒரே அளவுக் கண்களின் வரிசை என்னும் அடிப்படையும் தொடர்கிறது.

முடிவுரை

பாம்பன் பாலத்தின் வரலாறு திறப்பு விழாக்களின் வரலாறு மட்டுமன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக அது பயன்பட்டமைக்கு வடிவமைப்பு ஒரு காரணம். நெம்புகோல் சுற்றியோர், துரு அகற்றி வண்ணம் பூசியோர், கடலடியை அறிந்தோர் ஆகியோரின் உழைப்பு மற்றொரு காரணம். பழைய பாலம் பயன்பாட்டிலிருந்து நீங்கிவிட்ட இக்காலத்தில், அதில் பணியாற்றியோரின் நினைவுகளை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பது உடனடித் தேவையாகும். எஃகின் அளவுகள் ஆவணங்களில் எஞ்சும். கைப்பழக்கம் அவ்வாறு எஞ்சுவதில்லை.