கட்டைவிரல் நகம் அளவு படமும், ஒரு கேமின் தலையெழுத்தும்

போன வாரம் நைட் டியூட்டி. கேசுவாலிட்டியில் கூட்டம் கொஞ்சம் குறைந்த நேரம். சித்தி பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான்.

"அண்ணா, எப்படி இருக்கு?"

பகலில் வேலை, ராத்திரியில் கேம் என்று ரெண்டு வருஷமாகத் தனி ஆளாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறான். சீக்கிரம் ஸ்டீம் கடையில் விற்பனைக்கு வரப்போகிறது. கடையில் அவன் கேமுக்கு முகமாக நிற்கப்போகும் படத்தை வேறு பத்து கேம்களின் படங்களோடு வரிசையில் வைத்து அனுப்பியிருந்தான்.

நான் கேட்ட முதல் கேள்வி: "இதுல எதுடா உன்னுது?"

அவனுக்கு முகம் விழுந்திருக்கும். ஆனால் நிஜமாகவே எனக்குத் தெரியவில்லைங்க. அன்று அவனிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். 45 வருஷத்துக்கும் மேலான கதை இது. கேம் ஆடாதவர்களும் படிக்கலாம்.

1977 செப்டம்பர், அமெரிக்கா. அட்டாரி விசிஎஸ் என்ற கருவி வருகிறது. பின்னாளில் அட்டாரி 2600 என்று பெயர் மாறியது இதுதான். டிவியில் மாட்டி, கேட்ரிட்ஜைச் செருகி விளையாட வேண்டும். அதன் ரேம் எவ்வளவு தெரியுமா? 128 பைட். எம்பி இல்லை, ஒரு கேபி கூட இல்லை. நான் இப்போது எழுதும் இந்த வரி கூட அதில் முழுசாக அடங்காது.

அப்படியென்றால் திரையில் என்ன தெரியும்? சதுரம், கோடு, புள்ளி. இதைக் கடையில் எப்படி விற்பது?

கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்களைப் பிடித்தார்கள். 'காம்பேட்' கேமின் அட்டைப்பெட்டியில் டாங்கியும் விமானமும் சீறிப் பாயும். வீட்டுக்குப் போய்ப் போட்டால் சில கட்டங்கள் சேர்ந்த ஒரு டாங்கி மெதுவாக நகரும். 1980-ல் வந்த 'அட்வென்ச்சர்' கேமில் வீரனே ஒரு சின்னச் சதுரம்தான். அதில் வரும் டிராகனைப் பார்த்து வாத்து என்று இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள்.

இதை மோசடி என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். பெட்டியில் பார்த்த ஓவியத்தை மனசில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் அந்தச் சதுரத்தை வீரனாகவே பார்த்தார்கள். திரையால் காட்ட முடியாததைப் பெட்டி காட்டியது.

1979-ல் அட்டாரியிலிருந்து வெளியேறிய சில புரோகிராமர்கள் ஆரம்பித்த ஆக்டிவிஷன் வேறு பாதையில் போனது. பளிச்சென்று ஒரு நிறம், அதன் மேல் கேமில் தெரிவதை ஒட்டிய படம், செய்தவரின் பெயர். ஷெல்ஃபில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. 1982, 83-ல் ஆளாளுக்கு கேம் செய்து கடைகளில் குவித்தார்கள். பெட்டியைப் பார்த்து எது நல்லது, எது குப்பை என்று பெற்றோரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1982 கிறிஸ்துமஸை நம்பி ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் செய்யப்பட்ட 'ஈ.டி.' கேம் பெயர் கெட்டது. விற்காத கேட்ரிட்ஜ்களை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக் கிடங்கில் 1983-ல் புதைத்தார்கள். 2014-ல் தோண்டி எடுத்தும் காட்டினார்கள்.

அமெரிக்க வீட்டு வீடியோ கேம் சந்தையே சரிந்தது. அட்டைப் படம்தான் காரணம் என்று நான் சொன்னால் அது தப்பான டயக்னோசிஸ். அளவுக்கு மீறிய சரக்கு, தரக் கட்டுப்பாடு இல்லாமை, விலைச் சண்டை, வீட்டுக் கம்ப்யூட்டர்களின் போட்டி என்று காரணங்கள் பல. ஆனால் வாங்குபவரின் நம்பிக்கை போனது உண்மை.

அந்த நேரத்தில் 1985-ல் நியூயார்க்கில் காலடி வைத்தது ஜப்பானின் நின்டெண்டோ. அதன் ஆரம்பகால கேம்களின் பெட்டியைப் பாருங்கள். கறுப்புப் பின்னணி. கேமில் வரும் அதே கட்டம் கட்டமான உருவத்தைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பதுதான் வெளியே. சூடுபட்ட பூனையிடம் பால் கிண்ணத்தைத் திறந்து காட்டியது மாதிரி.

எல்லோரும் பாடம் கற்றுக்கொண்டார்களா? இல்லை. 1987-ல் வந்த 'மெகா மேன்' கேமின் நாயகன் நீல நிற ரோபோ சிறுவன். கையே பீரங்கி. அமெரிக்கப் பெட்டியில் இருந்ததோ, கைத்துப்பாக்கி பிடித்த நடுவயது ஆசாமி! மோசமான அட்டைப் படம் என்றாலே இன்றுவரை அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

2001-ல் 'ஐகோ'. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அதை உருவாக்கிய ஃபுமிட்டோ உவேடாவே அட்டைப் படம் வரைந்தார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ டி கிரிகோவின் பாணியில், நீண்ட நிழல்கள், வெறிச்சோடிய வெளி, கைகோர்த்து ஓடும் இரண்டு சின்ன உருவங்கள். கேமின் மனநிலையே அதில் இருந்தது. அமெரிக்காவில் அதை மாற்றிச் சிறுவனின் முகத்தைப் பெரிதாகப் போட்ட வேறு படத்தோடு வெளியிட்டார்கள். இன்று ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது உவேடாவின் படத்தைத்தான்.

சரி, இப்போதைய காலத்துக்கு வருவோம்.

இன்று பெட்டி இல்லை, ஷெல்ஃப் இல்லை. 2017-லிருந்து ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் யாரும் கடை போடலாம். 2024-ல் மட்டும் 18,000-க்கு மேல் புது கேம்கள் வந்தன. ஒரு நாளைக்குச் சராசரியாக ஐம்பது! இதற்கு நடுவில் உங்கள் படம் பட்டியலில் சில இடங்களில் 120-க்கு 45 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அந்தப் படத்துக்கு ஸ்டீமில் பெயர் என்ன தெரியுமா? கேப்ஸ்யூல். ஒரு டாக்டர் இதைப் பற்றிப் பேச இதைவிட என்ன தகுதி வேணும்?

இனி என் சப்ஜெக்ட். கையை முழுசாக நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் கண் எந்த நொடியிலும் கூர்மையாகப் பார்ப்பது கிட்டத்தட்ட அந்த அளவு பரப்பைத்தான். விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சிறு குழி இருக்கிறது. கூர்மை முழுக்க அங்கேதான். சுற்றியிருப்பதெல்லாம் மங்கல். அந்த மங்கலில் எது தனித்துத் தெரிகிறதோ, அதன் பக்கம் கண் தாவும். நொடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை தாவும்.

ஆக, கண்ணை இழுப்பது நுணுக்கமான வேலைப்பாடு இல்லை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், தெளிவான ஒரு வெளிக்கோடு, அப்புறம் முகம். பிறந்த குழந்தைகூட முகம் போன்ற வடிவத்தின் பக்கம்தான் திரும்பும்.

2017-ல் வந்த 'ஹாலோ நைட்' ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன டீம் செய்தது. இருண்ட பின்னணி, வெள்ளை முகமூடி, இரண்டு கறுப்புக் கண். எவ்வளவு சுருக்கினாலும் தெரியும்.

தம்பியின் படத்தில் என்ன இருந்தது? கோயில் கோபுரம், மழை, ஐந்து பேய்கள், வளைந்து நெளிந்த எழுத்தில் பெயர், ஓரத்தில் வாளோடு ஒரு சிறுமி. எல்லாம் பழுப்பு. பெரிதாக்கினால் அற்புதம். சுருக்கினால் சேற்றுத் தண்ணி.

"வாள் எதுக்குடா? உன் கேம்ல சண்டையே கிடையாதே?"

"சண்டை இருந்தாதான்ணா வாங்குவாங்க."

அங்கேதான் எனக்கு அட்டாரி பெட்டி ஞாபகம் வந்தது. வாளைப் பார்த்து வாங்குபவர் பத்து நிமிஷத்தில் ஏமாந்து பணத்தைத் திரும்பக் கேட்பார், திட்டி ரிவ்யூ எழுதுவார். இருட்டில் லாந்தர் விளக்கோடு ஊரைச் சுற்றும் சிறுமியின் கதையைத் தேடுபவரோ வாளைப் பார்த்துத் தாண்டிப் போவார். ரெண்டு பக்கமும் நஷ்டம்.

நான் ஓவியன் இல்லை. ஆனாலும் ஒரு பார்வையாளனாகச் சொன்னது இவ்வளவுதான்:

படத்தில் ஒரே ஒரு விஷயம் இருக்கட்டும். நகம் அளவுக்குச் சுருக்கிப் பார். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். அப்போதும் தெரிந்தால், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் தெரியும். பெயரைத் தடித்த எழுத்தில் எழுது. 'விருது பெற்றது', 'தள்ளுபடி' என்றெல்லாம் படத்தில் ஒட்டாதே. 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீமே அதற்குத் தடை போட்டுவிட்டது. முக்கியமாக, கேமில் இல்லாததைக் காட்டாதே.

நேற்று புதுப் படம் அனுப்பினான். முழு இருட்டு. நடுவில் லாந்தர் வெளிச்சம் பட்ட ஒரு சின்ன முகம். கண்கள் நம்மைப் பார்க்கவில்லை, இருட்டில் எதையோ பார்க்கின்றன. கீழே பெயர். பேய் ஒன்றுகூட இல்லை.

அதே பத்து கேம் வரிசை. இந்தத் தடவை "எதுடா உன்னுது?" என்று நான் கேட்கவில்லை.

கேம் இன்னும் வெளியாகவில்லை. விற்குமா, விற்காதா என்று எனக்குத் தெரியாது. நல்ல படம் இருந்தால் ஓடிவிடும் என்று நான் மருந்துச் சீட்டு எழுதித் தர முடியாது. ரெண்டு வருஷத்துத் தூக்கத்தைக் கொடுத்துச் செய்த ஒன்றை ஒருத்தர் கண்ணில்கூடப் படாமல் போகவிடக் கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் யாராவது ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு எதையாவது செய்துகொண்டிருந்தால், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, உண்மையைச் சொல்லுங்கள்.

டியூட்டிக்கு நேரமாச்சு.