செயினும் பற்சில்லும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் வைத்தே எனது மோட்டார் சைக்கிளின் செயினையும், முன் பின் பற்சில்லுகள் இரண்டையும் மாற்றினேன். செயினை மட்டும் மாற்றினால் போதாதா என்று மகன் கேட்டான். போதாது. கண்ணிகளின் ஊசிகள் தேயத் தேயச் செயின் நீள்கிறது. அதனோடு பற்களும் கொக்கிபோல் வளைகின்றன. அப்பற்களில் ஓடும் புதுச் செயினும் விரைவில் கெட்டுவிடும்.

எங்கள் தலைமுறை இதனை அறியாததல்ல. கடைப்பிடிக்கத்தான் வழியிருக்கவில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் அரிதாயின. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயை ஏற்காது. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். புகையோடு பிளக்கில் கரியும் படியும். பெரும்பாலானோர் சைக்கிளுக்குத் திரும்பினர்.

செயின் நீண்டால் சைக்கிள் கடைக்காரர் கண்ணிகளைக் கழற்றிவிட்டு மீண்டும் பொருத்துவார். அறுந்த செயின்களின் நல்ல துண்டுகளை இணைத்து ஒன்றாக்குவார். பற்சில்லு தேய்ந்தால் கழற்றி மறுபுறம் திருப்பிப் பூட்டுவார். தேயாத பக்கம் சில காலம் இழுக்கும். சைக்கிள் செயினுக்கும் சிறிய மோட்டார் சைக்கிள்களின் செயினுக்கும் கண்ணி இடைவெளி ஒன்றே, அரை அங்குலம். எனினும் அகலமும் வலுவும் வேறாதலால் ஒன்றை மற்றொன்றுக்குப் போட இயலாது. 1880 இல் மான்செஸ்டரில் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்ற ஹான்ஸ் ரெனோல்ட், தமது கண்டுபிடிப்பு இத்தனை தடவை வெட்டி ஒட்டப்படும் என்று எண்ணியிருக்கமாட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, மூட்டைகளையும் முதியோரையும் சுமந்தவை அந்த ஒட்டுச் செயின் சைக்கிள்களே. நெரிசலில் ஏறி மிதிக்க இடமிருக்கவில்லை, உருட்டிக்கொண்டே சென்றோம்.

அப்போது நான் இளம் செய்தியாளன். பத்திரிகைத் தாள் இல்லாமற் பயிற்சிப் புத்தகத்தின் கோடிட்ட தாள்களிலும் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. அந்தச் சிறு இடத்தில் குண்டுவீச்சையும் பேச்சுவார்த்தையையும் எழுதினோம். எங்களை நாள்தோறும் செய்திக்கு ஓடவைத்த சைக்கிள் கடைக்காரரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அது செய்தியென்றே தோன்றவில்லை.

2002 ஏப்ரல் 8 இல் ஏ-9 வீதி திறந்தபின் உதிரிப்பாகங்கள் வந்தன. அந்தக் கைவேலைக்குத் தேவை குறைந்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பழைய சைக்கிள்களைத் திருத்த இளைஞர்கள் ஆள் தேடினார்கள். எங்கள் ஒழுங்கையில் அதை அறிந்தவர் எவரும் இருக்கவில்லை.

எஞ்சியிருக்கும் அத்தகையோரைத் தேடிச் சென்று கேட்டு எழுதவேண்டும். முப்பது ஆண்டுகள் தாமதமான செய்திதான்; ஆயினும் எழுதவேண்டியது.