எல்லைக்கு இருபாலும் கிடக்கும் நாட்டிற்குப் பெயர் யாது?

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் வாழும் ஊர்களையெல்லாம் ஒரு நிலப்படத்தில் வரைந்து இல்லந்தோறும் அளிப்பதென்று சென்ற செயற்குழுவில் முடிவு செய்யப்பட்டமை அன்பர்கள் அறிந்ததே. படம் வரையப் புகுந்தவுடன் ஒரு தடை எழுந்தது. தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர் என்னும் ஊர்களோடு, ஓசூர், ஆனேக்கல், கொள்ளேகால் பக்கத்து ஊர்களும் சேர்ந்து கிடக்கும் அந்நிலப்பகுதிக்கு எப்பெயரை எழுதுவது? இளைஞர் சிலர் 'தகடூர் நாடு' என்று பெரிய எழுத்தில் பொறிக்க வேண்டும் என்றனர். கணவாய்க்கு மேலே கன்னட நாட்டில் வாழும் முதியவர் ஒருவர் எழுந்து, "அவ்வாறாயின் எங்கள் ஊர்களைப் படத்தினின்றும் எடுத்துவிடுங்கள்" என்றார். அவர் குரலில் சினத்தினும் வருத்தமே மிக்கிருந்தது. இதனை ஆராய்ந்து எழுதுமாறு தலைவரவர்கள் என்னைப் பணித்தார்கள்.

தகடூர் என்னும் பெயரின் பெருமையைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் அது. அதனை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்திற்குத் தலைவனானான். அப்போரைப் பற்றிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுதும் கிடைக்காது போயிற்று. உதிரிப் பாடல்களே எஞ்சின. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையிற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறிக்கின்றது. அசோகன் கல்வெட்டுக்களில் சோழ பாண்டியர்களோடு வைத்து எண்ணப்படும் சத்தியபுத்திரர் யாவர் என்று நெடுங்காலம் நிகழ்ந்த வாதம் அதனால் ஒருவாறு தீர்ந்தது. இவற்றைச் சொல்லும்போது என் மாணாக்கரைப் போலவே யானும் பூரிப்பவனே. ஆயினும் ஊரின் புகழ் வேறு, நாட்டின் எல்லை வேறு. அதியமான் நாடு ஆனேக்கல் வரையிற் பரந்து கிடந்தது என்பதற்குச் சான்று காட்டுமாறு எவரேனும் கேட்பின், யான் வாய் திறவேன்.

இனி, நம் தருமபுரியிலேயே கிடைத்த ஒரு கற்றூணைப் பார்ப்போம். அஃது இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், இவ்வூரில் எடுக்கப்பட்ட சமணக் கோயிலுக்கு விடப்பட்ட அறத்தை அது கூறுகின்றது. அதன் மொழி கன்னடம். தகடூர் என்னும் பெயர் அதில் கன்னட எழுத்தால் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நுளம்பபாடி முப்பத்தீராயிரம் என்பது அக்காலத்து வழக்கு. அதியமானைப் பாடும் நாம் மகேந்திர நுளம்பனை மறைத்தல் முறையாகுமா?

மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். இராசராசன் காலத்தில் கங்கபாடியும் நுளம்பபாடியும் சோழர் வயப்பட்டன. அதன்பின் கோலாரைச் சூழ்ந்த நாடு நிகரிலி சோழ மண்டலம் என்றும், கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் என்றும் வழங்கப்பெற்றன. கோலாரம்மன் கோயிலில் முதல் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இன்றும் உள. நம் ஊரில் கன்னடக் கல், அவர் ஊரில் தமிழ்க் கல்! வென்றவன் தன் பட்டப்பெயரை நாட்டிற்கு இட்டான். அவன் குலம் தளர்ந்தபின் அப்பெயர்களும் வழக்கு வீழ்ந்தன. நிகரிலி சோழ மண்டலத்தான் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார் இன்று எவருமிலர்.

'பாராமகால்' என்று எழுதலாம் என்றார் ஒருவர். பாரா என்பது இந்துஸ்தானியிற் பன்னிரண்டு; மகால் என்பது வரி தண்டும் பிரிவு. அப்பன்னிரண்டு எவை என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் இதனைக் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு என்பார் மேலாளராக, அவர்க்கு உதவியாளராய் வந்த தாமசு மன்றோ தருமபுரியிலேயே தங்கி நிலவரி வகுத்தார். 1799இல் ஓசூர்ப் பக்கமும் சேர்ந்தபின், சேலம் சில்லா கணவாய்க்குக் கீழுள்ள தாலகாட், நடுவிலுள்ள பாராமகால், மேலுள்ள பாலகாட் என மூன்றாக எண்ணப்பட்டது. (இப்பாலகாட்டை மலையாள நாட்டுப் பாலக்காட்டோடு மயங்கற்க.) இப்பெயர்கள் கச்சேரிக் கணக்கில் வாழ்ந்தவை. நம் பாட்டிமார் எவரும் 'பாலகாட்டிற் பெண் கொடுத்தோம்' என்று சொன்னதாக யான் கேட்டதில்லை. 'மேல்நாட்டில் கொடுத்தோம்' என்றே கூறுவர்.

நில அளவைத் துறையார் வேறு வழி கண்டனர். அவர்தம் படத்தாள்களுக்கு எண்ணும் எழுத்துமே அடையாளம். அட்சரேகை 12 பாகையும் தீர்க்கரேகை 78 பாகையும் நம் மாவட்டத்தினுள்ளேயே வெட்டிக்கொள்வதால், இச்சிறு மாவட்டம் நான்கு தாள்களிற் சிதறிக் கிடக்கின்றது. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 57 எல். பாப்பிரெட்டிப்பட்டி சேலத்தோடு 58 ஐ. பென்னாகரமும் ஒகேனக்கல்லுமோ, ஓசூர், பெங்களூர் ஆகியவற்றோடு 57 எச் என்னும் ஒரே தாளில் உள்ளன! அத்தாளுக்கு மொழியுமில்லை, மாநிலமுமில்லை. வழக்கிற்கு இடந்தராத ஏற்பாடுதான். ஆயினும் '57 எச் நாட்டார்' என்று திருமண அழைப்பிதழில் அச்சிட ஒருவரும் ஒருப்படார்.

மாநில எல்லையோடு படத்தை நிறுத்துவோம் என்றால், அதுவும் நேற்று வந்தது. கோயம்புத்தூர் சில்லாவில் இருந்த கொள்ளேகால் 1956இல் மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்தது. ஓசூர் நம்பக்கம் நின்றது. தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்தினின்றும் பிரிந்தது. 2004இல் அதனின்றும் கிருஷ்ணகிரி பிரிந்தது. இத்தனை கோடுகளுக்கும் இடையே நம்மவர் பெண் கொண்டும் கொடுத்தும் வந்தனர்.

எனக்குத் தோன்றுவது இது. பெரும்பெயரை விட்டு ஊர்ப்பெயர்களை நோக்குக. தமிழிற் சொன்முதலில் நிற்கும் பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாகும்: பால் ஹாலு, புலி ஹுலி. அவ்வாறே பள்ளி ஹள்ளியாயிற்று. அது நம்மவர் நாவில் ஹகரத்தையும் இழந்து 'அள்ளி' என நின்றது. மாரண்டஅள்ளி, ஜெட்டிஅள்ளி என நம் வட்டாரத்தில் அள்ளிகள் பல. ஒகேனக்கல்லும் இவ்வகையதே: தமிழிற் புகை, கன்னடத்தில் ஹொகெ, நம் வாயில் ஒகே, நீர்த்திவலை புகைபோல் எழும் கல் என்பது பொருள். பள்ளியென்று உரைப்பான் தமிழன், ஹள்ளியென்று உரைப்பான் கன்னடியன். அள்ளி என்பவன் இரண்டிற்கும் இடையில் வாழ்பவன். அருகிலேயே நல்லம்பள்ளி பகரம் கெடாமல் நிற்பதையும் காண்க. அலுவலகத்தார் 'அள்ளி'யைப் பிழையென்றெண்ணிச் சில பலகைகளில் 'ஹள்ளி' என எழுதுகின்றனர். அது பிழையன்று.

ஆகவே, படத்தில் தகடூர் என்பதைத் தருமபுரிக்கு மேல் அடைப்புக்குள் ஊர்ப்பெயராக மட்டும் எழுதலாம்; மாநில எல்லையை மெல்லிய புள்ளிகளாற் காட்டலாம்; நிலப்பகுதி முழுமைக்கும் ஒரு பெயரும் வேண்டா. ஒவ்வோர் ஊரையும் அவ்வூரார் சொல்லும் வண்ணமே எழுதுக; கணவாய்க்கு மேலுள்ள ஊர்களுக்குக் கன்னட எழுத்திலும் பெயர் வரைக. முதியவரிடம் இதனைத் தெரிவித்தேன். "எங்கள் ஊரை எப்படி எழுதுவீர்?" என்றார். "நீங்கள் சொல்லுங்கள், ஐயா" என்றேன். அவர் சொன்னது அரசாங்கப் பட்டியலில் உள்ள பெயரன்று.

இல்லந்தோறும் உள்ள முதியோரைக் கேட்டு, ஊர்ப்பெயர் வாய்வழக்கில் எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, வருகின்ற திங்கள் 15ஆம் நாளுக்குள் சங்க அலுவலகத்திற்கு அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகின்றேன். திருத்தி எழுத வேண்டா, கேட்டபடியே எழுதுக.