தண்ணீர் கேட்டவன் சூட்டிய பெயர்

சின்ன காஞ்சிபுரத்தில் முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தேன். காலையில் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கும்போது சந்நிதி தெரு, மாடவீதிக் கட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: தாத்தாச்சாரியார். முன்னால் இருக்கும் இனிஷியலையும் கதவு எண்ணையும் பார்த்துத்தான் யார் வீட்டுக்கு எது என்று பிரிக்க வேண்டும். ஒருவர் வீட்டு மணியார்டர் இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று, அந்தக் கட்டை மட்டும் இரண்டு முறை பார்ப்பேன்.

நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதில் அந்தப் பெயரைக் கேட்டது தெனாலிராமன் கதைகளில்தான். ராஜகுரு தாத்தாச்சாரியார் என்றதும், நரைத்த தாடியோடு ஒரு கிழவரை மனதில் வரைந்துகொண்டேன். பெயரிலேயே 'தாத்தா' இருக்கிறதே!

அந்த எண்ணத்தைத் திருத்தியவர் மாடவீதியில் ஒரு மாமி. சித்திரை வெயிலில் ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "செத்த திண்ணைல உக்காருங்கோ, தீர்த்தம் கொண்டு வரேன்" என்றார். அந்த வீடுகளில் குடிக்கும் தண்ணீருக்கும் தீர்த்தம் என்றுதான் பெயர். பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க பேரே தண்ணி கேட்டு வந்த பேர்தான்" என்றார். நான் குடித்து முடிப்பதற்குள் கதையைச் சொல்லிவிட்டார்.

திருமலை நம்பி, ராமானுஜருக்குத் தாய்மாமன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் திருமலையில் இருந்தவர். பாபவிநாசத்திலிருந்து பெருமாளின் அபிஷேகத்துக்குத் தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து வருவார். ஒருநாள் வழியில் ஒரு வேடன் தாகம் என்று கேட்டான். அபிஷேகத் தீர்த்தம், தர முடியாது என்று நம்பி நடந்தார். வேடன் பின்னாலிருந்து குடத்தில் துளையிட்டுக் குடித்துவிட்டான். நம்பி கலங்கி நின்றபோது, "தாத, வருந்தாதே" என்று சொல்லி, மலையில் அம்பு எய்து அங்கேயே ஊற்றை வரவழைத்தான். அதுதான் ஆகாச கங்கை என்பார்கள். வேடனாக வந்தவர் வேங்கடவன். வடமொழியில் 'தாத' என்றால் அப்பா. நம் காதில் அது தாத்தாவாக விழுந்துவிட்டது. திருமலையில் இந்த நிகழ்ச்சியைத் தண்ணீரமுது உற்சவமாக இன்றும் நடத்துகிறார்கள்.

மாமி சொன்னது குரு பரம்பரைக் கதை. அதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னொரு கதை ஞாபகம் வந்தது. விந்திய மலைக் காட்டில் வழி தெரியாமல் நின்ற இளம் ராமானுஜரை ஒரு வேடனும் வேடுவச்சியும் அழைத்து வந்து, காஞ்சிக்கு அருகில் ஒரு கிணற்றங்கரையில் தண்ணீர் கேட்டுவிட்டு மறைந்தார்கள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வந்தவர்கள் காஞ்சிக் கோயில் பெருமாளான வரதரும் தாயாரும். அதன் பிறகு அந்தச் சாலைக்கிணற்றுத் தண்ணீரைத்தான் ராமானுஜர் வரதருக்குச் சுமந்தார். செவிலிமேட்டுப் பக்கம் போனால் அந்த இடத்தைப் பார்க்கலாம். மாமனிடமும் வேடன் தண்ணீர் கேட்டான், மருமகனிடமும் கேட்டான். இந்தப் பெயரை எழுதிய உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குடம் தெரிய ஆரம்பித்தது.

இனி, கதையிலிருந்து கல்வெட்டுகளில் பெயர் வரும் ஒரு மனிதருக்கு வருகிறேன். 1586 முதல் 1614 வரை விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் வேங்கடபதி ராயரின் குரு, லக்ஷ்மிகுமார தாத்தாச்சாரியார். நம்பியின் வம்சம். ஏழைப் பெண்களுக்கு எண்ணற்ற திருமணங்களை நடத்தி வைத்ததால் 'கோடி கன்னிகாதானம்' என்பது இவருடைய பட்டம். வரதர் கோயிலின் ஸ்ரீகாரியமாக நிர்வாகம் பார்த்தவர். 1514-இல் கிருஷ்ணதேவராயர் பொன் வேய்ந்த புண்யகோடி விமானத்தைப் புதுப்பித்தார். தாயாருக்குக் கல்யாணகோடி விமானத்தையும் பொன்னால் அமைத்தார். இன்று சந்நிதி தெருவிலும் மாடவீதிகளிலும் இருக்கும் 'தாததேசிக திருவம்சத்தார்' இவர் வழி வந்தவர்கள்.

ஆனால் என் மனதில் அவர் நிற்பது பொன் விமானத்தால் அல்ல, ஏரியால். ஊருக்குத் தெற்கே, பாலாறு தாண்டி ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் அவர் வெட்டிய பெரிய நீர்நிலைக்குத் தாதசமுத்திரம் என்று பெயர். அந்த ஊரையே ஐயங்கார்குளம் என்கிறோம். கரையில் சஞ்சீவிராயர் கோயில். அனுமன் மேல் அவர் பாடிய ஹனுமத் விம்சதி, 20 செய்யுளும், அங்கே கல்லில் இருக்கிறது. தாகத்தில் பிறந்த பெயரைத் தாங்கியவர், அந்தப் பெயரைக் கடைசியில் ஒரு ஏரிக்கு வைத்துவிட்டார். இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பெயருக்கு ஏது?

அந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான் நடவாவி இருக்கிறது. வாவி என்றால் நீர்நிலை. படியில் நடந்து இறங்குவதால் நடவாவி. வருஷம் முழுக்க உள்ளே தண்ணீர் நிற்கும். சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் இறைத்துவிடுவார்கள். அன்று ராத்திரி வரதர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு அங்கே வந்து இறங்குவார். ஒரு வருஷம் நானும் கூட்டத்தோடு இறங்கினேன். தோரண வாயில் தாண்டியதும் படி குறுகுகிறது. காலடியில் ஈரக் கல் வழுக்கியது. கீழே தூண்கள் சூழ்ந்த மண்டபம், நடுவில் கிணறு. வரதர் அந்தக் கிணற்றைச் சுற்றி வரும்போது தீவட்டி வெளிச்சம் தண்ணீரில் ஆடியது. வேர்வையும் துளசியும் எண்ணெய்ப் புகையும் கலந்த வாசம். விழா முடிந்து சில நாளில் அந்த மண்டபத்தைத் தண்ணீர் திரும்பவும் மூடிவிடும்.

இந்தப் பெயர் ஊருக்குள்ளேயே அடங்கிவிடவில்லை. வந்தவாசிப் பக்கத்து நாவல்பாக்கத்திலிருந்து வந்த என்.எஸ். ராமானுஜ தாத்தாச்சாரியார் நியாய சாஸ்திரத்தில் பெரும் பண்டிதர். திருப்பதி ராஷ்ட்ரிய சம்ஸ்கிருத வித்யாபீடத்தின் துணைவேந்தராக இருந்தார். சொல்லிலிருந்து பொருள் எப்படி விளங்குகிறது என்பதை ஆராய்ந்த அவருடைய சாப்தபோத மீமாம்சையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. 2016-இல் பத்மபூஷண் கிடைத்தது. அதே பெயரில் இன்னொருவர், அக்னிஹோத்ரம் ராமானுஜ தாத்தாச்சாரியார். வேதம் படித்தவர், நூறு வயதை எட்டியவர், 'இந்து மதம் எங்கே போகிறது?' என்று நக்கீரனில் துணிந்து தொடர் எழுதியவர். சாஸ்திரத்தைக் காத்தவருக்கும் கேள்வி கேட்டவருக்கும் ஒரே பெயர் இடம் கொடுத்தது.

குடும்பப் பெயர்கள் வேறு விதமாகவும் பிறக்கும். ஜெர்மனியில் வேபர் என்ற குடும்பப் பெயர் சகஜம். அதற்கு நெசவாளர் என்று பொருள். சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபரின் தாத்தா பீலஃபெல்டில் லினன் துணி வியாபாரிதான். அங்கே செய்த தொழில் பேரன் பேத்திகளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் எத்தனையோ தலைமுறையாகத் தறிக்குழியில் கால் வைத்திருக்கிறோம். எங்கள் பெயரில் தறி இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. மாடவீதிக்காரர்களின் பெயரில் இருப்பது தொழிலும் அல்ல, ஊரும் அல்ல. தாகம் தீர்ந்தவன் அன்போடு கூப்பிட்ட ஒரு சொல். அதனால்தான் அந்தப் பெயரை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மாமி இப்போது இல்லை. அந்த வீட்டுக்குப் போடும் கடைசித் தபாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, நான் கேட்காமலே அவருடைய மருமகள் சொம்பை நீட்டினார். திண்ணையில் உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தேன்.