நிலநடுக்கோடும் இப்னு கல்தூனின் தயக்கமும்

உலகப் படத்தில் நிலநடுக்கோட்டையும் கடக, மகர ரேகைகளையும் நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். இம்மூன்றும் ஊடுருவிச் செல்லும் கண்டம் ஆப்பிரிக்கா ஒன்றே. ஐரோப்பா முழுவதும் கடக ரேகைக்கு வடக்கே அமைந்துள்ளது. ஆசியாவின் பெருநிலம் நிலநடுக்கோட்டை எட்டுவதில்லை. அதன் தீவுகளே அக்கோட்டைத் தாண்டுகின்றன. புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வடபாதியிலேயே உள்ளது. இன்று பள்ளி மாணவரும் அறிந்த இச்செய்தி, இடைக்கால முஸ்லிம் அறிஞர்களிடையே ஆழ்ந்த விவாதத்திற்கு உரியதாயிருந்தது.

கிரேக்க அறிஞர் தாலமியின் வழியைப் பின்பற்றிய அரபுப் புவியியலாளர், மக்கள் வாழும் நிலத்தை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு 'இக்லீம்'களாக வகுத்தனர். 'கத்துல் இஸ்திவா' எனப்பட்ட அக்கோட்டிலும் அதற்குத் தெற்கிலும் கடும் வெப்பத்தால் உயிர்கள் தழைக்க இயலாது என்பது தத்துவவாதிகளின் வாதம். அக்கோடு மிதமானதே என்றும், வடக்கே இருப்பது போன்றே தெற்கேயும் மக்கள் வாழ்வு இருக்கும் என்றும் இப்னு ருஷ்து (மறைவு 1198) கருதினார்.

இப்னு கல்தூன் 1377இல் (ஹி. 779) எழுதிய 'முகத்திமா'வில் இவ்விரு கருத்துகளையும் எடைபோடுகிறார். தென்பாதியைப் பெரிதும் நீர் சூழ்ந்திருப்பதால் இப்னு ருஷ்தின் கூற்று பொருந்தாது என்பது அவர் முடிவு. தென்பாதியில் கடல் மிகுதி என்ற அளவில் அவர் கணிப்பு சரியே. ஆயினும், அங்கு மக்கள் வாழ்வதைக் கண்கூடான காட்சியும் 'முதவாத்திர்' நிலையை அடைந்த செய்திகளும் உறுதிப்படுத்துகின்றனவே என்ற மறுப்பையும் அவர் மறைக்கவில்லை. அங்கு வாழ்வே இல்லை என்பது தத்துவவாதிகளின் கருத்தன்று. அது மிகக் குறைவு என்பதே என்று விளக்கம் கூறி, பழைய கொள்கையைக் காக்க முனைகிறார்.

அவர் காலத்திலேயே சான்று எழுத்தில் இருந்தது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 9 பாகையில், இன்றைய தான்சானியாவின் கரையோரத்திலுள்ள கில்வாவுக்கு இப்னு பதூதா 1331 அளவில் சென்றார். அதனை மிக அழகிய நகரங்களுள் ஒன்றாகப் போற்றிய அவர், அதன் மக்கள் மார்க்கப் பற்றுடையோர், ஷாபிஈ மத்ஹபினர் என்றும் குறிப்பிட்டார். அவருடைய பயண நூல் 1355இல் நிறைவுற்றது. இப்னு கல்தூன் அவரை அறிந்தவரே. 'முகத்திமா'வில் அவரைப் பற்றிய செய்தியும் உண்டு.

இத்தயக்கம் வெறும் நிலவியல் பிழையன்று. மிதமான இக்லீம்களிலேயே பண்பாடு முழுமை பெறும் என்ற கொள்கை, வெப்ப மண்டல மக்களைச் சில விதிவிலக்குகளோடு தாழ்த்தி எழுதவும் அவரைத் தூண்டியது. கோடுகளைக் கொண்டு நிலத்தை அளந்தவர், அதே கோடுகளால் மனிதரையும் அளந்துவிட்டார்.

அக்கோட்டின் மீதே அமைந்த போர்னியோவின் பொந்தியானாக் நகரை, ஹளரமவ்த் வழிவந்த ஷரீஃப் அப்துர் ரஹ்மான் 1771இல் நிறுவினார். கில்வாவின் பழம்பெரும் பள்ளிவாசலின் சிதைவுகளும் இன்றளவும் நிற்கின்றன. ஹதீஸ் கலையில் முதவாத்திர் உறுதியான அறிவைத் தரும் என்பது நம் அறிஞர்கள் வகுத்த விதி. அவ்விதியை நிலவியலிலும் தயங்காது கைக்கொண்டிருந்தால், அம்மக்களைப் பற்றிய தீர்ப்பும் வேறாக இருந்திருக்கும்.